தெலுங்குப் படத்துக்கு அம்மா சொன்ன தமிழ்

நனைந்த குடை வாசனையும் மல்லிகைப் பூ வாசனையும் வறுத்த கச்சான் கடலையும்... கண்டி டவுன் தியேட்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இதெல்லாம் கலந்துதான் வரும். அன்றைக்கும் மழை. பல்கனியில் ஒரே வரிசையில் இரண்டு குடும்பம்.

ஒன்று நாங்கள், மற்றது அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், தெல்தெனியாவில் கடை வைத்திருந்தவர்கள். பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஞாயிறு எல்லோருமாக ஒரு படத்துக்குப் போகலாம் என்றார்கள். அப்போதெல்லாம் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. மாப்பிள்ளை ஒரு கோடி, பெண் மறு கோடி, நடுவில் பெரியவர்கள் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். சாமி படம், சிவன் பார்வதி கல்யாணக் கதை, பாட்டு நிறைய என்று அப்பாதான் தேர்ந்தெடுத்தார். நல்ல சகுனமாம்.

படம் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தமிழில் மாற்றிய படம் வரவில்லை, அசல் தெலுங்கே வந்திருக்கிறது. கீழே மலிவு டிக்கெட் கலரியில் ஒரே விசில். கொஞ்சப் பேர் எழுந்து போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் எழும்பப் பார்த்தார். "என்னா பாடுறாங்க? ஒண்ணும் வெளங்கலியே."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. அம்மாவும் அப்பாவும் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயம், அந்த வரிசை வீடு முழுக்கத் தெலுங்குக்காரர்கள்தான். கண்டியில் புடவைக்கடையில் வேலை கிடைத்துக் கட்டுகஸ்தோட்டைக்குக் குடிவந்த நாளே அப்பா தெலுங்கை மூட்டை கட்டிவிட்டார். தெலுங்கு என்று தெரிந்தால், அடுத்த கேள்வி என்ன சாதி என்பதாகத்தான் இருக்கும்; தோட்டத்துத் தெலுங்கு என்றாலே தாழ்ந்த சாதி என்பது ஊர் நினைப்பு. எங்கள் காதிலேயே விழக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மா அடுப்படியில் தனியாக இருக்கும்போது மட்டும் ஏதாவது முணுமுணுப்பாள். நாங்கள் போனால் நிறுத்திவிடுவாள்.

அப்படிப்பட்ட அம்மா, அந்தம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்க அண்ணி. நான் சொல்றேன்."

சொல்லவும் தொடங்கினாள்... மெதுவாக, காதோடு காதாக.

சிவன் கிழவன் வேஷத்தில் வந்து, தவம் இருக்கும் பார்வதியைச் சீண்டுகிற காட்சி. "மாப்பிள்ளைக்கு வீடு வாசல் உண்டா, சுடுகாட்டுல கெடக்குறவன்தானேங்குறாரு. நகநட்டுன்னு பாத்தா கழுத்துல பாம்பு. அப்பன் ஆத்தா யாருன்னே தெரியாது, என்னா கொலமோ கோத்திரமோ, அவனுக்கா நீ கழுத்த நீட்டப் போறேன்னு கேக்குறாரு." அந்தம்மா அம்மாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அதற்குப் பார்வதி பாட்டிலேயே பதில் சொல்வாள். முதல் அடிக்கு அம்மா அர்த்தம் சொன்னாள். அப்புறம் அர்த்தத்தை மறந்துவிட்டு, சின்ன வயதிலேயே தெரிந்த பாட்டுப்போல, படத்தோடு சேர்ந்து பாடவே தொடங்கிவிட்டாள். சின்னக் குரல்தான். ஆனால் என்ன குரல் அது... அம்மா முழுப் பாட்டுப் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா திரையைப் பார்த்தபடி மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு வார்த்தை விடாமல் விளங்கியிருக்கும்.

இடைவேளையில் வடை வந்தது. அந்தம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏம்மா, தெலுங்கு எங்க படிச்சீங்க?"

"படிக்கல அண்ணி. எங்க வீட்டுல பேசுறதுதானே."

"அப்படியா..." என்றார். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகும் அவர் விடவில்லை. "இப்ப என்னா சொல்றா, இப்ப என்னா சொல்றா" என்று கடைசிக் காட்சிவரை அம்மாவைக் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்று அப்போதே மனதுக்குள் முடிவு கட்டியிருப்பார். ஆனாலும் கதை அரைகுறையாகப் போய்விடக் கூடாது, இல்லையா? அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரமே சொல்லி அனுப்பினார்கள், ஜாதகம் பொருந்தவில்லையாம். பெண் பார்க்க வருவதற்கு முன்பே பொருத்தம் பார்த்த ஜாதகம் அது.

"ஒன் வாயாலதான் எம்மக வாழ்க்க போச்சு" என்றார் அப்பா. அன்றைக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அக்கா மாத்தளையில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளையும் பெற்ற பிறகும் சொன்னார். சோற்றில் உப்புக் குறைந்தாலும் பேச்சு சுற்றிச்சுற்றி அந்தப் படத்தில் வந்து நிற்கும். அம்மா பதில் பேசமாட்டாள். அடுப்படி முணுமுணுப்பும் நின்றுபோனது. அப்பா போன பிறகாவது தெலுங்கு பேசுவாள் என்று பார்த்தேன், அப்போதும் பேசவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம் கண்டியில் ஒரு கல்யாணம். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த டீச்சரின் மகன். மண்டபத்துக்குள் போன பிறகுதான் தெரிந்தது, பெண், அன்றைக்கு அக்காவைப் பார்த்துவிட்டுப் போன அந்த மாப்பிள்ளையின் இளைய மகள்.

பெண் வருகிறாள்... ஸ்பீக்கர் அதிரத் தெலுங்குப் பாட்டு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோழிகளோடு ஆடிக்கொண்டே வருகிறாள். மண்டபமே கை தட்டுகிறது, எல்லோர் கையிலும் போன். இப்போது தெலுங்கு என்றால் ஸ்டைல். பாட்டிடம் யாரும் சாதி கேட்பதில்லை.

நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அந்தம்மா. தொண்ணூறை நெருங்கியிருப்பார். என்னை அடையாளம் தெரியவில்லை. என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"என்னாம்மா பாடுறாங்க? ஒண்ணும் வெளங்கலியே."

அதே கேள்வி. அதே குரல்.

"எனக்கும் வெளங்கலங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவள் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வாயை மூடிக்கொண்டாள். எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.