ஏழாம் எண் சட்டையில் ஓர் ஊசிமுனை

எங்கள் பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு ஒரு நோட்டும் ஒரு காந்தமும் கொடுத்து உட்கார வைத்திருப்பது பெரிய விஷயம். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, சேர்த்து வைத்து முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்தச் சட்டையைக் கத்தரித்துப் போட்டுவிட வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில் அதைப் போடுகிறவரைக் குத்தக் கூடாது அல்லவா.

"கேஸை அணைச்சமான்னு பாதி வழியில திரும்பிப் போற ஆளுங்க நீங்க. இந்த வேலைக்கு உங்களை உட்டா ஆளில்லீங்க" என்று சொல்லித்தான் மேனேஜர் அந்த நோட்டைக் கொடுத்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டு ஆண்கள் தேசிய ஹாக்கி அணிக்குச் சட்டை தைக்கும் ஆர்டர் வந்தது. மைதானத்தில் ஆடுவது இல்லை, மண்டபத்துக்குள் ஆடுவது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. ஆயிரக்கணக்கில் தைக்கும் இடத்துக்கு இது ஒரு ஆர்டரே இல்லை. ஆனால் இதைச் சரியாகச் செய்தால் பெரியது வரும் என்று பேச்சு. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் செல்போனில் படம் காட்டி விளக்கினாள். பக்கத்துக்கு ஆறு பேர், இரண்டு ஓரத்திலும் பலகை, பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது, தள்ளத்தான் வேண்டும்.

"அடிக்காம அதென்னங்க ஹாக்கி?" என்றார் சூப்பர்வைசர். "கேரம் போர்டாட்டம் இருக்குதுங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தாங்ணா. என்ன, ஓடிட்டே ஆடணும்."

கடைசியாக மிஞ்சியது வெள்ளையில் ஏழாம் எண். தைத்தது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. தோள்பட்டைத் தையலில் ஊசி உடைந்தது. வாசலில் பார்சல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று துண்டில் இரண்டுதான் கிடைத்தது.

"முனையக் காணல, அண்ணாச்சி."

"நல்லாப் பாருங்க்கா."

"கண்ணு ரெண்டையும் கழட்டி மேசையில வச்சிப் பாக்கட்டுமா?"

தரை, மிஷின், அவர் மடி, என் செருப்பு எல்லாவற்றிலும் காந்தத்தை ஓட்டினேன். இல்லை. மறுபடி தைக்க அந்த வெள்ளைத் துணியும் இல்லை. ஸ்டோருக்குப் போய், முடிந்துபோன பழைய நோட்டிலிருந்து ஏறக்குறைய அதே நீளத்தில் ஒரு முனையைப் பிரித்தெடுத்து வந்தேன்.

"கிடைச்சிருச்சுங்க்கா" என்றேன்.

ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன். துணிக்குள் ஊசி இருந்தால் கத்தும் மிஷினில் அந்தச் சட்டையை மூன்று முறை விட்டேன். கத்தவில்லை. அந்த மிஷின் ஒருமுறை என் சாவிக்கொத்துக்கே கத்தாமல் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு அதே நினைப்புதான். குளிக்கும்போது என் தோள்பட்டையையே தடவிப் பார்த்துக்கொண்டேன். ஏழாம் எண்காரர் யார், கல்யாணமானவரா, குழந்தை அவர் தோளில் சாய்ந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசனை ஓடியது. பக்கத்து வீட்டு நர்ஸிடம், ஊசி முனை உடம்புக்குள் போனால் இதயத்துக்குப் போய்விடுமா என்று பொதுவாகக் கேட்டேன். எந்த ஊசி என்று அவர் கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில் அந்த அணியின் ஆட்டத்தை மெர்ச்சண்டைசர் பெண் டிவியில் போட்டுவிட்டாள். செக்கிங், அயர்னிங் ஆட்கள், மேனேஜர் எல்லோரும் டம்ளரோடு வந்து நின்றார்கள். அக்கா முன்னால் நின்று, திரையைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தா, ஏழு. நான் தச்சது."

வெள்ளைச் சட்டைதான். பந்து பலகையில் பட்டுத் திரும்பியது, அவர் குனிந்து தள்ளிக்கொண்டு ஓடினார். நான் பந்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அவர் திடீரென்று ஆட்டத்தை விட்டு வெளியே வந்தார். கழுத்துப் பக்கம் சட்டையை இழுத்து இழுத்து விட்டபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் எழுந்து, "குத்திருச்சுங்க" என்றேன். யாருக்கும் புரியவில்லை. எனவே பழைய நோட்டு, முனை, கையெழுத்து என்று எல்லாவற்றையும் மேனேஜர் முன்னால் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

மெர்ச்சண்டைசர் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, இந்த ஆட்டத்துல எல்லாருமே ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய வந்து ஆள் மாத்திக்குவாங்க. மூச்சு வாங்குமில்லீங்களா."

அவள் சொல்லும்போதே ஏழாம் எண் மறுபடி உள்ளே போய்விட்டார். கோல்கூடப் போட்டார். யாரும் கை தட்டவில்லை.

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?"

"வண்டி நின்னுட்டிருந்ததுங்க."

"நின்னா நிக்கட்டுமுங்க. வண்டிக்கா குத்தப் போகுது?" நோட்டை எடுத்து வரச் சொன்னார். "டேப்பைப் பிரிங்க. முனை கெடைக்கலைன்னு எழுதுங்க. அதைப் போட்டோ எடுத்து இப்பவே அவங்களுக்கு மெயில் போட்டுரலாம்."

எழுதினேன். அடித்து அடித்து எழுதியதில் 'கிடைக்கவில்லை' மூன்று வரிக்குப் போனது.

மறுநாள் பதில் வந்தது. தேடிப் பார்த்தார்களாம், எதுவும் தட்டுப்படவில்லையாம், இருந்தாலும் அந்தச் சட்டையை ஒதுக்கிவிட்டார்களாம், சொன்னதற்கு நன்றியாம். அடுத்த ஆட்டத்தில் அதே ஆள் வேறு எண்ணில், வேறு எங்கோ தைத்த சட்டையில் ஓடினார். பெரிய ஆர்டரைப் பற்றி அவர்களும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நோட்டை என்னிடமிருந்து வாங்கி அந்த வேலையைப் பார்க்கச் சொல்லி மேனேஜர் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தார். இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அக்கா மட்டும் ஒன்று கேட்டார். "முனை என் மிசினுக்குள்ளயும் விழுந்திருக்கலாம்லா, அண்ணாச்சி?"

"விழுந்திருக்கலாமுங்க்கா."

"அப்பம் சட்டையில இல்லாமயும் இருக்கலாம்."

"இருக்கலாமுங்க."

"பொறவு எதுக்கு, ஊரெல்லாம் பாத்த சட்டைய உக்கார வச்சியோ?"

"இருந்துட்டா என்ன பண்றதுங்க்கா?"

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவர் மிஷினில் ஊசி உடைந்தது. பேசாமல் புது ஊசி வாங்க முடியாது. துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"மூணு இருக்கு. எண்ணிக்கிடுங்க."

எண்ணினேன். மூன்றுதான். சேர்த்து வைத்துப் பார்த்தேன், முழு ஊசி வந்தது. இன்னொரு தடவை எண்ணினேன். அவர், நான் முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.