பஸ்ஸில் கிடைத்த எலும்பு வைத்தியம்

ஒரு வருடமாகக் கேழ்வரகுக் கூழ், கால்சியம் மாத்திரை, காலை வெயிலில் நடை. எதையும் விடவில்லை. இன்று ஸ்கேன் எடுத்தால், எலும்பு அடர்த்தி போன வருடத்தைவிடக் கம்மி.

"வயசாகுது இல்லீங்களா" என்றார் டாக்டர்.

வேங்கிக்கால் ஸ்டாப்பில் பஸ் ஏறியபோது அழக்கூடத் தெம்பில்லை. பக்கத்து சீட்டில் என்னைவிடப் பத்து வயது மூத்த அம்மா ஒருவர். என் மடியிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தார்.

"எதுக்கும்மா ஸ்கேனு?"

"எலும்பு தேய்மானங்க."

"பிரண்டைத் தொவையல் சாப்புடு. கேவுரு களி கிண்டு. தெனமும் மாடிப்படி ஏறி எறங்கு. ஆறே மாசத்துல கல்லு மாதிரி ஆயிடும்."

கேழ்வரகெல்லாம் ஒரு வருடமாகச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லாமல் தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"புடிச்சி எறக்கிவுடும்மா. போன வருசம் இடுப்பெலும்பு ஒடஞ்சிடுச்சி."

"பிரண்டை சாப்பிடலீங்களா?"

"சாப்ட்டுனுதாம்மா இருந்தேன்."

ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினோம். இரண்டு பேர் எலும்பையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆள் தேறாது.

கீழே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே, "தொவையல மறந்துடாத" என்றார்.

கமெண்டில் வைத்தியம் சொல்ல வருபவர்கள், முதலில் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போடுங்கள்.