வேப்பிலை செருகிய கதவு

2012 டிசம்பரில் தாவீதுக்கு அம்மை போட்டது. சாத்தான்குளம் பக்கத்துப் பையன்; வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். படப்பையில் அவனோடு ஒரே அறையில் இருந்த நாலு பேரும் முதல் கொப்புளத்தைப் பார்த்த அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு குன்றத்தூருக்கு ஓடினார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயந்த சூரர்கள், அவனுடைய சோப்பை மட்டும் மறக்காமல் எடுத்துப் போனார்கள். பக்கத்து அறையில் இருந்த நான் ஓடவில்லை. அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஜன்னலில் கஞ்சியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வீட்டுக்காரம்மா கங்கம்மாள் தன் வழக்கப்படி அவன் கதவில் வேப்பிலை செருகினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்முன் அதை எடுத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று அவளுக்கு அத்தனை பயம். உள்ளே தாவீது காலையும் மாலையும் ஜெபம் பண்ணுவான்.

"தனியா கெடக்கது கஷ்டமா இல்லியாடே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தனியாவா கெடக்கேன்? பேசுதது ஒங்களுக்குக் கேக்கலியாண்ணே?" என்றான்.

ஜுரத்தில் உளறுகிறான் என்று சிரித்தேன். ஆனால் அழுதுகொண்டு கிடந்தவன் ஜெபம் முடிந்தால் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். அதை நானே பார்த்தேன்.

அவனுக்கு ஒரே ஆசைதான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடி வரும் சபைக்காரர்கள் தன் வாசலிலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு டிரம் அடிப்பவனே அவன்தான்.

ஒருநாள் சாயங்காலம் வந்தார்கள். சீரியல் பல்பு கட்டிய லோடு வண்டி, பஞ்சுத் தாடி வைத்த தாத்தா, முன்னால் மைக்கோடு தலைவர் சாம்சன். வேப்பிலையைப் பார்த்ததும் சாம்சன் கையை ஆட்டினார். "அம்மன் வூடு. வண்டிய எடு."

கங்கம்மாள் தெருவுக்கு ஓடினாள். "யோவ், உங்க தாவீதுதான்யா உள்ள படுத்துகினு கீறான்."

"எல கட்டுன வாசல்ல நாங்க பாட மாட்டோம்மா. அத்த எடுத்துடுங்க, பாக்கலாம்."

அன்பு, அன்பு என்று மைக்கில் தெருவையே அலறவிட்டவர்களுக்கு ஒரு கொத்து இலையிடம் அவ்வளவு பயம். தாத்தா தூரத்திலிருந்தே ஒரு மிட்டாயை வீசினார். அது சாக்கடையில் விழுந்தது.

கங்கம்மாள் திரும்பி வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, கோச்சிக்காத," என்று இலையில் கை வைத்தாள்.

"எடுக்காதீங்கக்கா," என்றது உள்ளிருந்து குரல். "போன வருசம் நானும் இப்படி ஒரு வாசலத் தாண்டித்தான் போனேன். உள்ள யாரு கெடக்கான்னு கேக்கல."

பிறகு தாவீது தட்டில் தாளம் போட்டுக்கொண்டு தானே பாட ஆரம்பித்தான். கங்கம்மாள் கதவைத் திறந்து உள்ளே போய், அவன் பாய் ஓரத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றேன், மூக்கில் துண்டோடு.