வெரிகுட் சொன்ன வாய்

நேற்று மகனின் ஆங்கில நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பசை வாசனை எனக்குப் பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே மெதுவாக ஒட்டுவேன். பக்கம் புரண்டது. மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. கீழே டால், டாலர், டாலஸ்ட். என் கை அப்படியே நின்றுவிட்டது.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றைச் சொன்னால் டால், இரண்டை ஒப்பிட்டால் டாலர், எல்லாரையும் விட என்றால் டாலஸ்ட், முன்னால் மறக்காமல் ஒரு ‘தி’. நீளமான சொல்லாக இருந்தால் வாலில் ‘எஸ்ட்’ ஒட்டக்கூடாது, முன்னால் ‘மோஸ்ட்’ போட வேண்டும். இதையெல்லாம் நான் பள்ளியில் படிக்கவில்லை. பாலவனத்தத்தில் ஏறி அருப்புக்கோட்டையில் பஸ் மாறித் திருச்சுழிச் சாலையில் போகும் வழியில், மடியில் கைடை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். தமிழ் வழியில் படித்த எனக்கு அப்போது ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் வேலை. பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சிமெண்ட் ஷீட் போட்ட நான்கு அறைகள், சுற்றிலும் சீமைக்கருவேலம். காற்று திரும்பினால் கரிமூட்டப் புகை வகுப்புக்குள் வரும். எனக்கு அந்தப் புகை என்றால் முத்துமாரிதான். கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவது அவள் அப்பாவுக்குத் தொழில், அம்மா நூல் மில்லுக்குப் போனாள். வகுப்பில் ‘தி’யை விழுங்காமல் பேசும் ஒரே பிள்ளை அவள்.

தாளாளர் என் வகுப்பைக் கவனிக்க வருவதாக இருந்தது. அவர் தலையசைத்தால்தான் வேலை நிலைக்கும். பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி மூன்று நாள் பழக்கினேன். “டாலர்னா திருப்பூர்ல குடுப்பாகளே, அதா மிஸ்?” என்று ஒருத்தன் கேட்டான். சிரிப்பு வந்தாலும் அதட்டினேன். நான் வெரிகுட் சொன்னால் எல்லாரும் கைதட்ட வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.

அன்று தாளாளர் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். உயர வரிசை நன்றாகவே போனது. அடுத்து ஆளுக்கொரு வாக்கியம். கார்த்தி எழுந்தான். பள்ளி மைதானத்துக்குச் செம்மண் அடித்தது அவன் வீட்டு டிராக்டர்தான்.

“முத்துமாரி இஸ் தி பிளாக்கஸ்ட் கேர்ள் இன் அவர் கிளாஸ்.”

‘தி’ இருந்தது. ‘எஸ்ட்’ இருந்தது. தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். என் வாய், நான் நினைக்கும் முன்பே, “வெரிகுட்” என்றது. வகுப்பு கைதட்டியது. முத்துமாரியும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள். பிறகு தன் கைகளையே பார்த்தாள்.

அடுத்த முறை அவளுடையது. “நெக்ஸ்ட்” என்றேன். எழுந்தாள், நோட்டைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். நான் அடுத்த பிள்ளைக்குப் போனேன்.

இரண்டு நாள் அவள் வரவில்லை. பெஞ்சில் அவள் இடத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் காலை, பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும், மில் கோட்டோடு அவள் அம்மா கேட்டருகே நின்றாள். பின்னால் சீருடை போடாமல் முத்துமாரி.

“நீங்கதான இங்கிலீஸு டீச்சரு?”

“ஆமாக்கா. உள்ள வாங்க.”

“இருக்கட்டும். அந்தப் பய சொன்ன இங்கிலீஸு எனக்கு வெளங்காது. சின்னப் பய, வீட்டுல பேசுறதத்தான் பேசுவான். நீங்க என்ன சொன்னீக?”

என் கண் அவள் பின்னால் நின்ற முத்துமாரியிடம் போனது.

“வெரிகுட்டுன்னு சொன்னீகளாம். அது எனக்கே வெளங்கும் டீச்சர்.”

“தப்புத்தான்க்கா. மன்னிச்சிருங்க.”

“எங்கிட்ட எதுக்கு? அந்தா நிக்கிறா.”

அலுவலக வாசலிலிருந்து தாளாளர் குரல் கொடுத்தார்: “என்னம்மா அங்க?” நான் திரும்பவில்லை. முத்துமாரி முன்னால் குனிந்தேன். அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அவன் ‘தி’ போட்டான்ல மிஸ்? ‘எஸ்ட்’டும் போட்டான்ல? பெறகு எப்படித் தப்பு?”

கைடில் இதற்குப் பதில் இல்லை.

“அது கெடக்கட்டும்த்தா. நான் வெரிகுட் சொன்னதுதான் தப்பு.”

“அப்ப அத கிளாஸ்ல சொல்லுவீகளா?”

வகுப்புக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது பள்ளியின் சட்டம். இதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. முத்துமாரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

“அன்னைக்குக் கார்த்தி சொன்னதுக்கு நான் வெரிகுட் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கைதட்டினதும் என்னாலதான். முத்துமாரிகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்.”

ஜன்னலில் தாளாளர் முகம். கார்த்தி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். முத்துமாரி நடந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அவள் அம்மா, “ஷிப்டுக்கு நேரமாச்சு, வாரேன் டீச்சர்” என்றாள். போறேன் என்று சொல்லாமல் வாரேன் என்றாளே என்று, அவள் போன பிறகுதான் மூச்சுவிட்டேன்.

துணிச்சல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தம்மா மட்டும் வராமல் இருந்திருந்தால், நான் அந்தப் பெஞ்சைப் பார்க்காமலே வருடத்தை ஓட்டியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே முத்துமாரி எழுந்தாள். “மை அப்பா இஸ் தி டயர்டஸ்ட் மேன் இன் அவர் ஹவுஸ்.” மோஸ்ட் டயர்ட் என்று சொல்ல வேண்டும் என்றேன். திருத்திச் சொன்னாள். வெரிகுட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

ஆண்டு முடிவில், ஜூனில் வர வேண்டாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். காரணம் கேட்கவில்லை.

போன மாதம் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு அதே திருச்சுழிச் சாலையில் வீரசோழன் பஸ்ஸில் போனேன். பள்ளி இருந்த இடம் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். ஷீட்டுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அறைகளுக்குள்ளேயே கருவேலம் ஆளுயரம் நின்றது. பக்கத்தில் முத்துமாரி வீடு இருந்த வரிசையில் இரண்டு சுவர்கள் மிச்சம். எல்லாரும் எங்கெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. இங்கே இப்போது பஸ் நிற்பதில்லையா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“அங்கன எறங்க யாருக்கா இருக்கா?” என்று சொல்லிவிட்டு, அவர் முன்பக்கம் டிக்கெட் போடப் போனார்.