கிளாஸுக்குள் ஒடிந்த கரண்டி

எழுபதுகளின் கடைசியில், பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஈப்போ கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருந்தேன். ஒரு சீனர் காப்பிக்கடைப் பலகையில் கரண்டி போட்ட கிளாஸ் தண்ணீர் வரைய வேண்டும். நான் வரைந்ததைக் கடை முதலாளி தவுக்கே தள்ளி நின்று பார்த்தார்.

"இது கோசோங் லா! தண்ணி எங்க? நீ வீட்டுல காத்தையா குடிக்கிற?"

அவர் சொன்ன மாதிரி காலிக் கிளாஸாகத்தான் இருந்தது. நீலத்தைப் பூசி அதைத் தண்ணீர் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்கு ஏது நிறம்? பின்னால் இருப்பதை அது எப்படி நகர்த்திக் காட்டுகிறதோ, அதைத்தான் வரைய வேண்டும். டர்பன்டைனில் தூரிகை கழுவும்போதுதான் அது பிடிபட்டது. தண்ணீரைவிட டர்பன்டைனில் அது இன்னும் தெளிவு. மேல்மட்டத்தில் தூரிகைக் காம்பு ஒடிந்ததுபோல் நிற்கும், கீழே தடித்துத் தெரியும்.

அதனால் குடிக்கிற கிளாஸ் ஒன்றில் புது டர்பன்டைன் ஊற்றி, கரண்டியைப் போட்டு, ஜன்னலோரம் வைத்து வரைந்தேன். பகலில் சாயம் வாங்கப் போய்த் திரும்பினால் கிளாஸ் காலி. கரண்டி மேசைமேல் கிடந்தது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்த அண்ணன் தரையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சம்சுச் சாராயம் போட்டிருந்தார். என் வேலையால் அந்த வீடு எப்போதும் டர்பன்டைன் வாடை அடிக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார்.

"மறுபடியும் சம்சுவா? வயித்துக்குள்ள கடையே வச்சிருக்கியா மச்சான்? அக்கா, உப்புத் தண்ணி கொண்டாங்க. வாந்தி எடுத்தா சரியாயிரும்."

சம்சு அதிகமானால் எங்கள் தோட்ட வீட்டு லயத்தில் அதுதான் வைத்தியம். இது சம்சு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடிக்கிற கிளாஸில் ஊற்றி வைத்தவன் நான். மூன்று முறை வாந்தி எடுக்க வைத்தார்கள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

இருமல் நிற்காமல் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், அண்ணிக்குத் தெரியாமல் தமிழ் நர்ஸிடம் தனியாகச் சொன்னேன்.

"டர்பன்டைனா? வாந்தி வேற எடுக்க வச்சீங்களா? அது நுரையீரலுக்குள்ள போயிருமே அண்ணே! அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

மூன்றாம் நாள், மூச்சுக்குத் தவித்தபடியே அண்ணன் போனார்.

கருமாதியன்று அண்ணி சம்சுவைச் சபித்து அழுதார். பிறகு என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"நீயாச்சும் அந்தக் கருமத்தைத் தொடாம இருக்கே தம்பி. பிள்ளைங்களுக்கு இனி நீதான்."

"சரி அண்ணி" என்றேன்.