முழு வேகத்தில் ஓடிய ஃபேன்

போன மழைக்காலத்தில் எங்கள் பழைய பிக்கப் வண்டியின் ஹீட்டர் ஃபேன் நின்றுபோனது. திருத்தணி வெயிலில் சூடான காற்று யாருக்கு வேண்டும்? ஆனால் மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொள்ளும்போது, அந்தக் காற்று இல்லாமல் ரோடு தெரியாது. டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து நானே கழற்றினேன். மோட்டார் நன்றாக இருந்தது. வேகத்தைக் குறைக்கும் சின்னப் பாகம்தான் கருகியிருந்தது. அதை விட்டுவிட்டு மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்தேன். ஃபேன் ஓடியது, ஆனால் முழு வேகத்தில் மட்டும், காதை அடைக்கும் இரைச்சலோடு.

அந்த வாரமே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கொட்டும் மழையில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கே.ஜி.கண்டிகை தாண்டியதும் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. ஃபேனை நிறுத்தினால் கண்ணாடி மறைத்துவிடும்.

"ஆங், நைனா, ஆங்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். பிறகு பேசவே இல்லை. மறுநாள் போய்விட்டார். நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று இன்றும் தெரியாது.

காரியம் முடிந்த அன்று தங்கை கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நைனா எதுனா சொன்னாராண்ணா?"

"உன்னத்தான் கேட்டுகினே வந்தாரு."

அவள் அழுது ஓயும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.