மேல் நிலைப் பெருமாள்

உத்திரமேரூருக்குக் கோயில் பார்க்க வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் ஆட்டோ தினகரனிடம்தான் அனுப்புவார்கள். சுந்தரவரதர் கோயிலில் மூன்று நிலை. கீழே நின்ற பெருமாள், நடுவே உட்கார்ந்தவர், உச்சியில் படுத்தவர். "நின்னு பாத்தாரு, உக்காந்து பாத்தாரு, இந்த ஜனத்தத் திருத்த முடியாதுன்னு படுத்துட்டாரு" என்பான். ஜனமும் சிரிக்கும்.

அதே ஊர் சசிரேகா கோயில் சுற்றிக் காட்ட வேன் வாங்கியதும் அந்த மரியாதைக்குக் கேடு வந்தது. அவள் கதையை அவசரப்பட்டுச் சொல்ல மாட்டாள். படியேற்றி, மூச்சு வாங்க விட்டு, "மேல வர வர சாமி ஓய்வெடுக்கறாரு, நாமதான் களைச்சுப் போறோம்" என்பாள். அது தன் கதையைவிட நன்றாக இருந்ததுதான் தினகரனுக்குத் தாங்கவில்லை. வருஷா வருஷம் அவனைத் தேடி வந்த சென்னைக் குடும்பம் இந்த முறை அவள் நம்பரைக் கேட்டது. அவள் பெயரைச் சொன்னால் வீட்டில் தட்டு பறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு சவாரி என்று மனைவி தேவகியிடம் சொல்லிவிட்டு மானாம்பதி வீட்டிலிருந்து கிளம்பினான். சவாரியாவது ஒன்றாவது. உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வேவு பார்த்தான். சசிரேகாவின் வேன் வந்து நின்றது. கண்ணாடிக்குள் ஒரே பெண்கள் கூட்டம். அடுத்து பெருமாள் கோயில்தான். போனை எடுத்தான்.

"சசிரேகா, மேல ரெண்டு நிலையும் சாத்திட்டாங்கம்மா. இன்னிக்கு தெறக்க மாட்டாங்களாம். வயசானவங்கள வீணா அலைய வுடாத."

"நல்ல வேளை சொன்னீங்கண்ணா. நேரா திருமுக்கூடல் கோயிலுக்குப் போயிடறோம்" என்றாள் அவள், துளி சந்தேகமில்லாமல்.

வேன் திரும்பிப் போவதைப் பார்த்தபடி இன்னொரு டீ சொன்னான். அன்றைக்கு அந்த டீ தேனாய் இனித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தேவகி பட்டுப்புடவையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் திருமுக்கூடல் துளசி.

"மகளிர் குழுப் பொம்பளைங்களோட சசிரேகா வண்டியில போனேன். சொன்னா நீ எரிஞ்சு வுழுவன்னு சொல்லல" என்றாள். "ஊருக்கெல்லாம் காட்டுற, எனக்கு மட்டும் அப்பறம் அப்பறம்னே கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீற. அதான் நானே போனேன். படுத்திருக்கிற பெருமாள ஒரு வாட்டி பாத்துடலாம்னு. பாதியில போன் வந்துச்சு. தினகரன் அண்ணன் பெரிய மனசு, அவருதான் சொன்னாருன்னு அந்தப் பொண்ணு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிச்சு."

தினகரன் சட்டையைக் கழற்றவா வேண்டாமா என்று நின்றான்.

தேவகி துளசியை மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ செங்கல்பட்டுல இருந்தன்னியே. உத்திரமேரூர்ல கோயில் சாத்தினது உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"